பத்தாயத்துக்குள் புகுந்த கொண்டைக்கிளி: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

நான் கால்நடை மருத்துவர். பாபநாசத்துக்கும் கும்பகோணத்துக்கும் இடைப்பட்ட ஆற்றோர ஊர்களில் தொழில் செய்கிறேன். என்னிடம் வருபவை பசு, ஆடு, நாட்டுக்கோழி, நாய். கூண்டுப்பறவை மாதத்துக்கு ஒன்றிரண்டு வரும். அவையும் லவ் பேர்ட்ஸ், காக்டெய்ல் வகைதான். காக்கட்டூ, அதாவது கொண்டைக்கிளி, இருக்கிறது என்று ஒரு வீட்டிலிருந்து போனில் சொன்னபோது காக்டெய்லைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். பெயரில் பலருக்கும் இந்தக் குழப்பம் உண்டு. காக்டெய்ல் நூறு கிராம் தேறாது. இந்தக் காக்கட்டூவோ கோழிக்குஞ்சுக்கும் கோழிக்கும் நடுவிலான உருவம், தேங்காய் மட்டையைப் பிய்க்கும் அலகு.

அம்ப்ரெல்லா காக்கட்டூ என்ற இனம். உடம்பு முழுக்க வெள்ளை. கொண்டையை விரித்தால் குடை பிடித்தது போல நிற்கும். பூர்வீகம் இந்தோனேசியாவின் வட மலுக்குத் தீவுகள்: ஹல்மஹேரா, பச்சான், டெர்னாட்டே, டிடோரே. காட்டில் இன்று அருகிவரும் பறவை.

வீட்டில் நால்வர்: 66 வயது மாமியார், மருமகள், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பேத்தி, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன். பேத்தி பாட்டியை 'அப்பாயி' என்பாள். போகப் போக நானும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். 2019இல் மகன் சென்னையில் ஒரு தரகரிடம் மூன்று மாதக் குஞ்சாக வாங்கியிருக்கிறார். நல்ல பைக் ஒன்று வாங்கும் காசு. ரசீது இல்லை. கண் திறந்த கொஞ்ச நாளிலேயே தாயிடமிருந்து எடுத்து, ஊசிக்குழலில் கஞ்சி ஊட்டி வளர்த்த குஞ்சு. பெயர் ராஜா. 2022 ஜூனில் மகன் சிங்கப்பூர் போனதும் ராஜா அப்பாயியின் பொறுப்பானது.

முதல் நாள்: 2023 நவம்பர் 20

தீபாவளி முடிந்து எட்டாம் நாள். ராஜா தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்கிறது, வெடிச் சத்தத்தில் பயந்துவிட்டது என்று மருமகள் சொன்னார்.

மார்பும் தொடையின் உட்புறமும் உரித்த கோழி போல இருந்தன. மார்பின் நடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்குப் புண். அதன்மேல் வேப்பெண்ணெயும் மஞ்சளும் பூசியிருந்தார்கள். மாட்டுப் புண்ணுக்குச் சரி. பறவையின் இறகில் எண்ணெய் ஏறினால் இறகு ஒட்டிக்கொண்டு உடம்புச் சூடு காக்கும் வேலை கெட்டுவிடும், கோதும்போது எண்ணெய் வயிற்றுக்கும் போகும். முதலில் அதைக் கழுவினோம். எடை 704 கிராம். இந்த இனத்துக்கு அறுநூறையொட்டி இருந்தால் போதும். மார்பெலும்பைக் கையால் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது, அவ்வளவு கொழுப்பு.

இரண்டு விஷயங்களைச் சரியாகப் பார்த்தேன். தலையிலும் கொண்டையிலும் ஓர் இறகுகூடக் குறையவில்லை. தன் தலையைத் தன் அலகால் எட்ட முடியாது. ஆகவே மற்ற இடமெல்லாம் மொட்டையாகி, தலை மட்டும் முழுசாக இருந்தால் பிடுங்குவது அந்தப் பறவையேதான். அலகு சாம்பல் பூத்து மங்கலாக இருந்தது. காக்கட்டூவின் உடம்பில் சில இறகுகள் பொடிந்து மாவாகிக்கொண்டே இருக்கும். அலகிலும் அந்த மாவு படியும். அலகு கறுப்பாகப் பளபளத்தால்தான் இறகையும் அலகையும் சேர்த்து அழிக்கும் வைரஸ் நோயை முதலில் சந்தேகிக்க வேண்டும். இவ்வளவும் தொலைபேசியில் ஒரு பேராசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. என் சொந்த அனுபவம் இல்லை.

மூன்றாவதாக ஒன்று என் காதில் விழுந்தது, குறிப்பேட்டில் ஏறவில்லை. நான் பையை மூடும்போது அப்பாயி சொன்னார்: "தம்பி, இது கேறுற கோழி மாதிரில்ல இருக்கு. காயிதத்த கிழிக்குது, கட்டிலுக்கு அடியில போயி குந்துது, பத்தாயத்துக்குள்ள நொழையப் பாக்குது." முட்டையிட இடம் தேடிக் கத்தும் கோழியைத்தான் கேறுற கோழி என்பார்கள். பத்தாயம் நெல் கொட்டிவைக்கும் பெரிய மரப்பெட்டி.

"ராஜா ஆம்பளைப் பறவைன்னு சொன்னீங்களேம்மா" என்றேன். தரகர் அப்படித்தான் சொல்லியிருந்தாராம். எல்லாரும் சிரித்தோம். அதோடு முடிந்தது.

முதல் முடிவு

தனிமை என்று முடிவு கட்டினேன். காரணம் கையிலேயே இருந்தது: வளர்த்தவர் வெளிநாடு போய்விட்டார், பேத்தி பள்ளிக்கூடம் போகிறாள், இரண்டடிக்கு இரண்டடிக் கூண்டு. காக்கட்டூ கூட்டமாக வாழும் பறவை. தனியாக விட்டால் இறகைப் பிடுங்கும் என்று படித்திருந்தேன். படித்தது தப்பில்லை. இந்த வீட்டுக்கு அது பொருந்துகிறதா என்று பார்க்காமல் பொருத்தியதுதான் தப்பு. அப்பாயி அந்தப் பறவையைத் தனியாக விட்ட நேரம் ஒரு நாளில் இரண்டு மணிகூட இருக்காது.

புண்ணுக்கு மருந்தும் வலிக்கு மூன்று நாள் சொட்டு மருந்தும் கொடுத்தேன். கூடவே, "இன்னும் அதிக நேரம் கூட வைத்திருங்கள், தடவிக்கொடுங்கள், கையால் ஊட்டுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்தேன். இந்த வாக்கியத்தை என் கையெழுத்தில் இன்றும் அந்த வீட்டுக் காலண்டரில் படிக்கலாம்.

நவம்பர் கடைசி முதல் பொங்கல் வரை

சொன்னதை அப்பாயி ஒரு குறையில்லாமல் செய்தார். நெய் விட்டுப் பிசைந்த சூடான சோறு உருண்டை உருண்டையாக. கடலையைத் தன் வாயில் கடித்துப் பொடித்து ஊட்டல். மடியில் வைத்து முதுகு நெடுக, இறக்கைக்கு அடியில் தடவல். இரவு பத்தரைக்குக் கடைசி சீரியல் முடியும்வரை தோளில்.

டிசம்பர் நடுவில் மருமகளின் காதைக் கடித்தது, மூன்று தையல். அப்பாயிக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தவரை, தோளிலிருந்து பாய்ந்து கடித்திருக்கிறது. பேத்தி பக்கத்தில் வந்தாலும் கொண்டை தூக்கிச் சீறல். மார்பின் மொட்டை தோள் வரை ஏறியிருந்தது. போனில் கேட்டபோது, "கொஞ்ச நாள் பொறுங்கள், பழகும்" என்றேன். இரண்டாவது தப்பு.

மாட்டுப் பொங்கல் இரவு

2024 ஜனவரி 16. எங்கள் தொழிலில் அன்று மூச்சு விட நேரம் கிடைக்காது. கரும்பையும் பொங்கலையும் அளவில்லாமல் தின்று வயிறு ஊதிய மாடுகள் ஊருக்கு ஐந்தாறு. இரவு ஏழு மணிக்குப் பேத்தியின் போன்: "ராஜா கீழே உக்காந்துட்டு எந்திரிக்க மாட்டேங்குது. வாலை வாலை ஆட்டிக்கிட்டே மூச்சு விடுது."

போய்ப் பார்த்தபோது கூண்டின் தரையில், இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கால்களை அகட்டி உட்கார்ந்திருந்தது. வயிற்றின் கீழ்ப்பகுதியில் விரல் வைத்ததும் தெரிந்தது: முட்டை. ராஜா பெட்டை. முட்டை அடைத்துக்கொண்டிருக்கிறது.

அப்பாயி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் என்னைப் பார்த்ததை மறக்க முடியாது.

டார்ச் ஒளியைக் கண்ணில் அடித்துப் பார்த்தேன். கண்மணியைச் சுற்றிச் செம்பழுப்பு. வளர்ந்த அம்ப்ரெல்லா காக்கட்டூவில் ஆணின் கண் ஏறக்குறைய கறுப்பு, பெட்டையின் கண் செம்பழுப்பு. நவம்பரில் பகல் வெளிச்சத்தில் முக்கால் மணி நேரம் பார்த்த பறவை. கண்ணின் நிறத்தை எழுதவில்லை.

இனி அன்றிரவின் முடிவுகள். முட்டையை வெளியிலிருந்து அமுக்கித் தள்ளக்கூடாது. உள்ளே உடைந்தால் பறவை போய்விடும். அட்டைப்பெட்டியில் அறுபது வாட் பல்பு கட்டி முப்பது டிகிரிக்குக் கொஞ்சம் மேலே சூடு வைத்தோம். ஈரத்துக்கு நனைத்த துண்டு. கால்சியம் ஊசி தசையில் போட்டேன். ஐந்து வருடமாகச் சூரியகாந்தி விதையும் கடலையும் தின்ற உடம்பு அது. அந்த விதையில் கொழுப்பு ஏராளம், கால்சியம் அற்பம். கருப்பை தசை சுருங்கி முட்டையைத் தள்ளவும் கால்சியம் வேண்டும், முட்டை ஓட்டுக்கும் அதே வேண்டும். விளக்கணைத்து, டிவியை நிறுத்தி, ஆளில்லாமல் விட்டோம். பத்து மணிக்கு இன்னொரு மாட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். விடியும்வரை வரவில்லையென்றால் காரில் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோவது என்று பேசி வைத்திருந்தோம். அதிகாலை நாலேகாலுக்கு முட்டை வந்தது. ஓடு மெல்லியதாக, சொரசொரப்பாக இருந்தது. மூன்று நாள் கழித்து இரண்டாவது, சிக்கலில்லாமல்.

மறுபடியும் முதலிலிருந்து

பொங்கல் முடிந்த அடுத்த ஞாயிறு அந்த வீட்டில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன். இந்த முறை பறவையைப் பார்க்கவில்லை, வீட்டைப் பார்த்தேன். காலை கண் விழிப்பதிலிருந்து இரவு படுப்பதுவரை ராஜாவின் ஒரு நாளை அப்பாயி சொல்லச் சொல்ல எழுதினேன்.

கூடத்துக்கும் நெல் வைக்கும் அறைக்கும் நடுவே பழைய பத்தாயம் ஒன்று நிற்கிறது. பலா மரம், ஆள் உயரம். அறுத்த நெல் இப்போது களத்திலிருந்து நேரே கொள்முதல் நிலையத்துக்குப் போய்விடுவதால் பத்து வருடத்துக்கு மேலாகக் காலி. அடியில் நெல் சரியும் வாய், அதன் தள்ளுகதவு எப்போதோ கழன்றுபோயிருந்தது. வாயின் விளிம்பெல்லாம் புதிதாகக் கொத்திச் செதுக்கிய தடம். உள்ளே கை விட்டால் மரச்சீவல், கிழிந்த நாளிதழ், வெள்ளை இறகு. காக்கட்டூ காட்டில் மரப்பொந்தில்தான் முட்டையிடும். பொந்தின் வாயை அலகால் செதுக்கிக்கொள்ளும். டெல்டாக்காரர்கள் தாத்தா காலத்தில் செய்துவைத்த பத்தாயத்தைவிட நல்ல பொந்து ஹல்மஹேராவிலும் கிடைத்திருக்காது.

மற்றதெல்லாம் அதன்பின் தானாக வரிசையில் வந்து நின்றன. இருட்டான பொந்து, குறைவில்லாத கொழுப்புச் சாப்பாடு, இரவு பத்தரை வரை வெளிச்சம், அதாவது பறவைக்கு நீண்ட பகல், சூடாக மசித்து ஊட்டும் உணவு, ஆண் பறவை பெட்டைக்குக் கக்கி ஊட்டுவது போல, முதுகிலும் இறக்கைக்கு அடியிலும் தடவல், அதை இணை மட்டுமே தொடும். கையில் வளர்ந்த குஞ்சு, மனிதரையே தன் இனமாக எண்ணுவது. நான்கு வயதுவரை சும்மா இருந்தது பருவம் வராததால்தான். 2023இல் பருவம் வந்தது, இணை என்று எடுத்துக்கொண்டது அப்பாயியை. அவரிடம் நெருங்கிய மருமகள் போட்டியாளர். முட்டைக்குத் தயாரான உடம்பு, சேராத இணை. மார்பிறகு போனது அதில்தான். வெடிச் சத்தம் அதைக் கொஞ்சம் கூட்டியிருக்கலாம். நான் எழுதிக் கொடுத்த அறிவுரை நிச்சயமாகக் கூட்டியது.

ஆனாலும் ஒரு காரணம் கிடைத்த மகிழ்ச்சியில் மற்றதை விட்டுவிடக் கூடாது என்பதை இதற்குள் கற்றிருந்தேன். துத்தநாகம் பூசிய கம்பிக்கூண்டைக் கடிக்கும் பறவைக்கு உலோக நஞ்சு ஏறலாம். அதுவும் இறகு பிடுங்க வைக்கும். மாவட்டத்திலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் எக்ஸ்ரே எடுத்தோம். வயிற்றில் உலோகத் துண்டு இல்லை. இறகு மாதிரியை வைரஸ் சோதனைக்கு அனுப்பியதில் நோய் இல்லை என்று வந்தது.

எடுத்த முடிவுகள்

முட்டைகளை எடுக்கவில்லை. இதில்தான் வீட்டாரோடு அதிகம் வாதாட வேண்டியிருந்தது. அடைக்கோழியின் அடை தெளிய இங்கே தண்ணீரில் முக்குவார்கள், வெளிச்சத்தில் கட்டிப்போடுவார்கள். அப்பாயி அதைத்தான் கேட்டார். கோழியிடம் முட்டையை எடுக்க எடுக்க இட்டுக்கொண்டே போவதை அவரே அறிவார். காக்கட்டூவும் குறைந்த எண்ணிக்கையை நிரப்பப் பார்க்கும். ஏற்கெனவே கால்சியம் வற்றிய உடம்பு மூன்றாம் முட்டையைத் தாங்காது என்று விளக்கினேன். "அப்ப கூமுட்டைய அடை காக்கட்டும்னு விடணுமாக்கும்" என்றார். ஆமாம் என்றேன். நான்கு வாரம் கூண்டின் மூலையில் அடை கிடந்தது. பிப்ரவரி மூன்றாம் வாரம் தானே எழுந்து போய்விட்டது. அதற்குப் பிறகுதான் முட்டைகளை அப்புறப்படுத்தினோம்.

பத்தாயத்தின் வாயில் பலகை வைத்து ஆணி அடித்தோம். கட்டிலுக்கு அடியில் பெட்டிகளை அடுக்கி நுழைய முடியாமல் செய்தோம். கிழிக்கக் காகிதம் இல்லை.

தூக்கம்: மாலை ஆறரைக்கு நெல் அறையில் இருட்டில் விட்டு, காலை ஆறரைக்குக் கதவு திறப்பது.

சாப்பாடு மாற்ற ஆறு வாரம் ஆனது. நெய்ச்சோறு, டீயில் நனைத்த பிஸ்கட் முதல் நாளே நின்றன. விதையைச் சட்டென்று நிறுத்தினால் பட்டினி கிடக்கும், ஆகவே மெல்லக் குறைத்தோம். முருங்கைக்கீரை, பறங்கி, கேரட், கொத்தவரை, முளைகட்டிய பயறு, அளவாகக் கொய்யா. இதோடு பறவைகளுக்கென்று விற்கும் குருணைத் தீவனம். பச்சை மிளகாயை ரசித்துத் தின்றது. பறவைகளுக்கு மிளகாயின் காரம் உறைக்காது. கிளிக்கு மிளகாய் கொடுப்பது நம்மூர்ப் பழக்கம்தானே. கால்சியத்துக்கு நாகப்பட்டினத்திலிருந்து கணவாய் ஓடு வந்தது, மீன் விற்கும் அம்மாவிடம் சொல்லிவைத்து. ஊறவைத்துக் கழுவி, நன்றாகக் காயவைத்துத் தொங்கவிட்டோம்.

தொடுதல்: தலையையும் கழுத்தையும் மட்டும் தொடலாம், அதற்குக் கீழே யாரும் தொடக்கூடாது. நாளின் முதல் உணவை மருமகள்தான் வைக்க வேண்டும், கையால் அல்ல, கிண்ணத்தில். பறவை தோளில் ஏறுவது நின்றது. ஒரு கொய்யாக் குச்சியில் ஏற்றி இறக்கினார்கள்.

இடம்: பின்கட்டில் மாடில்லாமல் கிடந்த கொட்டில். பத்தடிக்கு எட்டடி. மூன்று பக்கம் கம்பிவலை அடித்து, துத்தநாகத் துகள் போக வினிகரால் தேய்த்துக் கழுவி, கொய்யா, வேம்புக் கிளைகள் கட்டினோம். பக்கத்திலிருந்த அரளியை வெட்டியாயிற்று, அது நஞ்சு. தேங்காய் மட்டையில் துளை போட்டு நாலைந்து விதை ஒளித்து வைத்தால் அதைப் பிய்த்து எடுக்க ஒரு மணி நேரம் ஆகும். சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்ததால் பேத்தி கதிர்க்கட்டுகளைக் கொண்டுவந்து தொங்கவிட்டாள். ஒவ்வொரு நெல்லாக உமி நீக்கித் தின்ன அதற்கு அரைநாள் ஓடியது.

கொட்டிலுக்கு மாற்றியதற்கு இன்னொரு காரணம் மருமகளின் இருமல். ஒரு வருடமாக இருக்கிறது, மார்கழிப் பனி என்று விட்டிருந்தார். காக்கட்டூவின் மாவு சிலருக்கு நுரையீரல் ஒவ்வாமையைக் கொண்டுவரும். வீட்டில் இப்படி ஒரு பறவை இருப்பதை அவருடைய மருத்துவரிடம் சொல்லவில்லை என்று தெரிந்ததும், அன்றே போய்ச் சொல்லச் சொன்னேன். பறவை வெளியே போன இரண்டு மாதத்தில் இருமல் குறைந்தது என்கிறார். அதற்கு மேல் சொல்வது அவருடைய மருத்துவரின் வேலை.

வேண்டாம் என்று விட்டவை

தரகர் போனில் ஆண் பறவை ஒன்று தருவதாகச் சொன்னார், மகனும் பணம் அனுப்பத் தயாராக இருந்தார். மறுத்தேன். கூண்டில் அடைபட்ட ஆண் காக்கட்டூ பெட்டையைத் தாக்கிக் கொல்வது இந்த இனங்களில் தெரிந்த ஆபத்து. மனிதரையே இணையாக நினைக்கும் பெட்டை அதை ஏற்கும் என்பதற்கும் உறுதி இல்லை.

உறவினர் ஒருவர், வடுவூர் ஏரியிலோ கோடியக்கரையிலோ பறக்க விட்டுவிடலாம், புண்ணியம் என்றார். ஊசிக்குழலில் வளர்ந்த பறவை. இரை தேடத் தெரியாது, பருந்தைத் தெரியாது. காக்கைகளே அதன் கதையை முடித்துவிடும். தப்பிப் பிழைத்தாலும் இந்த மண்ணின் பறவையில்லை.

ஹார்மோன் ஊசி இருக்கிறது. வீட்டை மாற்றாமல் ஊசி போட்டால் மருந்து தீரும்போது பத்தாயம் அங்கேயே நிற்கும் என்று ஒத்திவைத்தேன். தேவைப்படவில்லை.

காகிதம்

அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை முறைப்படுத்தும் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இந்த இனம் இருக்கிறது. 2022இல் திருத்தப்பட்ட நம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அத்தகைய உயிரினங்களை நான்காம் அட்டவணையில் சேர்த்தது. அவற்றை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும் என்ற விதிகள் 2024 பிப்ரவரி 28இல் வெளிவந்தன. ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு ஆறு மாதக் கெடு. ராஜா அடையிலிருந்து எழுந்த சமயம் அது. பரிவேஷ் என்ற மத்திய அரசு இணையதளத்தில் பேத்திதான் விண்ணப்பத்தை நிரப்பினாள். ரசீது இல்லாததை மறைக்காமல், வாங்கிய விதத்தை உள்ளபடி எழுதச் சொன்னேன். கெடுவுக்குள் போய்ச் சேர்ந்தது. கொல்லை வேப்பமரத்தில் தினமும் கத்தும் பச்சைக்கிளியைப் பிடித்து வளர்த்தால் குற்றம் என்பதையும் அந்த வீட்டில் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டார்கள்.

தொடர்ந்தது

முதல் மூன்று வாரம் மோசம். இருட்டறையில் அலறியது, அப்பாயி கதவுக்கு வெளியே உட்கார்ந்து அழுதார், இரண்டு முறை கதவைத் திறந்தும் விட்டார். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார், பேத்தி சொல்லிவிட்டாள். கடைசியில் கொட்டிலுக்கு வெளியே நாற்காலி போட்டு, தினம் ஒரு மணி நேரம் கம்பிவலைக்கு இந்தப் பக்கமிருந்து பேசுவது என்று ஏற்பாடு. அதைப் பறவையும் ஏற்றுக்கொண்டது, அவரும் ஏற்றுக்கொண்டார்.

மார்ச் கடைசியில் பிடுங்குவது நின்றது. ஜூனில் தோளிலும் தொடையிலும் புதிய இறகு. எடை செப்டம்பரில் 640. மருமகளைக் கடிக்கவில்லை, அன்போடு பழகுகிறது என்றும் சொல்ல முடியாது. கிண்ணம் வைக்கும்வரை பொறுத்திருந்து பிறகு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்ளும்.

சத்தம் தீரவில்லை. விடியலிலும் அந்தியிலும் கத்துவது அந்த இனத்தின் சுபாவம்; கூட்டத்தை அழைக்கும் கூப்பாடு. அந்தியில் இருபது நிமிடம் தெருவே கேட்கும். பக்கத்து வீட்டுக்காரர் இருமுறை சண்டைக்கு வந்துவிட்டார். கொட்டிலின் அந்தப் பக்கத்துக்குச் சுவர் எழுப்பியதில் கொஞ்சம் அடங்கியது.

2025 ஜனவரிக்காகக் காத்திருந்தோம். பொங்கல் வாரத்தில் தரையில் உட்கார்ந்து வாலைத் தூக்கியது, மூலையைச் சுரண்டியது. அந்த வாரம் விதையையும் கதிரையும் அறவே நிறுத்தி, கிளைகளை இடம் மாற்றிக் கட்டி, இருட்டு நேரத்தை இன்னும் அரைமணி கூட்டினோம். முட்டை இல்லை.

தீராமல் நிற்பது ஒன்று. ராஜாவுக்கு இப்போது ஆறு வயது நடக்கிறது. நல்ல பராமரிப்பில் பெரிய காக்கட்டூக்கள் நாற்பது ஐம்பது வருடம் தாண்டும். சிகாகோ அருகே ப்ரூக்ஃபீல்டு விலங்குக் காட்சியகத்தில் குக்கி என்ற இளஞ்சிவப்புக் காக்கட்டூ 83 வயதில், 2016இல்தான் இறந்தது. அப்பாயிக்கு 67 முடிந்துவிட்டது. மகன் விற்றுவிடலாம் என்கிறார், மருமகள் பேசுவதில்லை, பேத்தி கல்லூரிக்குப் போகப்போகிறவள். யாருக்குப் பிறகு யார் என்று ஒரு தாளில் எழுதுங்கள் என்று நான்கு முறை கேட்டுவிட்டேன். இன்னும் எழுதவில்லை.

மறுபடி இப்படியொரு பறவை வந்தால்

மருந்துப் பையைத் திறக்கும் முன் அதன் இருபத்து நான்கு மணி நேரத்தைக் கேட்டு எழுதுவேன்: எங்கே தூங்குகிறது, எத்தனை மணிக்கு விளக்கணைகிறது, யார் எங்கே தொடுகிறார்கள், எந்தப் பொந்துக்குள் தலையை விடுகிறது. கண்ணின் நிறத்தைப் பகலில் பார்ப்பேன். ஆண், பெண் என்று விற்றவர் சொன்னதை எழுதமாட்டேன். தனிமை என்ற சொல்லைக் கடைசியில் வைத்துக்கொள்வேன்; அது வீட்டாருக்கும் மருத்துவருக்கும் சுலபமாக வாயில் வரும் சொல். மூன்று வயது தாண்டிய எந்தக் காக்கட்டூவுக்கும், முட்டை பற்றிய பேச்சே இல்லாவிட்டாலும், கால்சியத்தை முதல் நாளே தொடங்குவேன். வீட்டில் யாருக்காவது இருமல் உண்டா என்று கேட்பேன்.

குறிப்பேட்டில் ஒரு பத்தி கூடியிருக்கிறது. 'வீட்டார் சொன்னது, அவர்கள் வாயால்' என்று தலைப்பு. 2023 நவம்பர் 20ஆம் தேதிப் பக்கத்திலும் அதைப் பின்னால் சேர்த்தேன்: "கேறுற கோழி மாதிரி இருக்கு."

கடைசியாகப் பார்த்தது 2025 பிப்ரவரி இரண்டாம் வாரம். எடை 618. கொண்டை, தலை, இறக்கை முழுசு. மார்பின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு இன்னும் வெறும் தோல். அங்கே இறகுக்குழிகள் கெட்டுவிட்டன, இனி முளைக்காது.